சிலைக்குச் சிலை விடையாகுமா?

ஐரோப்பாவில் இறைநம்பிக்கை ஏன் தளர்ந்தது என்ற வினா எழும்போதெல்லாம் நம்மிடையே ஒரே விடைதான் ஒலிக்கிறது. கற்றவர் சிலர் திருமறையைத் தாக்கி நூல்கள் எழுதினார்கள். அவற்றைப் படித்து மக்கள் மனம் மாறினார்கள். திருச்சபை போதிய அளவு சினந்தெழவில்லை. ஆகவே ஆலயங்கள் வெறிச்சோடின என்பதே அவ்விடை. இதிலிருந்து நமக்குரிய பாடம் ஒன்றும் உடனே பிறந்துவிடுகிறது. மறுப்பவன் வாயை அடைக்கவேண்டும். அவன் ஒரு கல்லை நாட்டினால் நாம் அதைவிட உயர்ந்த கல்லை நாட்டவேண்டும். அதுவே விசுவாசத்தைக் காக்கும் வழி என்பது அப்பாடம்.

விடையும் தவறு, பாடமும் தவறு என்பதே நாம் இங்கு நிறுவ முனைவது. நமக்குச் சாட்சியாக நிற்பது ஒரு சிற்றூர். ஒரே ஊரில் ஒரு புனிதரின் கல்லறை, ஒரு மறுப்பாளரின் சிலை, அச்சிலைக்கு எதிராக எழுப்பப்பட்ட ஒரு கல்வாரிச் சிலுவை ஆகிய மூன்றும் சில நூறு அடி இடைவெளியில் நிற்கின்றன. விசுவாசத்தைக் காப்பது எப்படி, காப்பதாக எண்ணி ஏமாறுவது எப்படி என்பதை அறிய இதனினும் தெளிவான பாடசாலை கிடைப்பது அரிது.

ஆற்றங்கரை ஊர்

பிரான்சு நாட்டின் வடமேற்கில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் நிலப்பகுதி பிரிட்டனி. அதன் வடகரையில், ழோதி, கெந்தி என்னும் இரு சிற்றாறுகள் கூடுமிடத்தில் உள்ளது த்ரெகியே நகர். கடல் அருகிலேயே இருப்பதால் ஏற்றம் வரும்போது உப்புநீர் ஆற்றில் ஏறி ஊரின் துறையைத் தொடுகிறது. இறக்கத்தில் வடிந்து சேற்றுப்படுகை வெளியே தெரிகிறது. மரச்சட்டங்களும் காரையும் கொண்டு கட்டிய பழைய வீடுகள், கருங்கல் தெருக்கள், மூவாயிரத்திற்கும் குறைவான மக்கள் என அவ்வளவே ஊர். ஆயினும் அதன் நடுவே 63 மீட்டர் உயரக் கூர்கோபுரத்தோடு ஒரு பேராலயம் நிற்கிறது.

6ஆம் நூற்றாண்டில் வேல்சு நாட்டிலிருந்து கடல் கடந்து வந்த துக்துவால் என்னும் துறவி இங்கு மடம் நிறுவினார். பிரிட்டனியின் திருச்சபைக்கு அடித்தளமிட்டவராகப் போற்றப்படும் எழுவருள் அவர் ஒருவர். அம்மடத்தைச் சுற்றி ஊரும், பின்னர் மறைமாவட்டமும் வளர்ந்தன. இன்றைய பேராலயத்தின் கட்டடப்பணி 1339இல் தொடங்கியது. 1499இல் இவ்வூர் அச்சகம் ஒன்றில் ‘கத்தோலிக்கோன்’ என்னும் அகராதி வெளிவந்தது. மறைமாவட்டக் குருவான ஜான் லகதெக் 1464இல் தொகுத்த அந்நூல் பிரெத்தோன், பிரெஞ்சு, இலத்தீன் ஆகிய மும்மொழிகளுக்கும் உரியது. பிரெத்தோன் மொழியின் முதல் அகராதி அது. பிரெஞ்சு மொழிக்கும் அதுவே முதல் அகராதி என்பர். தாய்மொழி மட்டுமே அறிந்த ஏழைக் குருமாணவர் கல்வி பெறவேண்டும் என்பதற்காகவே அது தொகுக்கப்பட்டது. நம் தமிழில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சேறியது 1578இல் என்பதை நினைவிற்கொள்வோர், மக்கள் மொழியைத் திருச்சபை மதித்த இடங்களில் எல்லாம் எத்தகைய பயன் விளைந்தது என்பதை உணர்வர்.

பிரெஞ்சுப் புரட்சி 1790இல் இம்மறைமாவட்டத்தை ஒழித்தது. அது மீண்டும் நிறுவப்படவில்லை. பின்னர் செயிந்து-பிரியே மறைமாவட்டத்தின் பெயரோடு த்ரெகியேயின் பெயர் இணைக்கப்பட்டது. ஆயரை இழந்த ஊர், பேராலயத்தை மட்டும் வைத்துக்கொண்டது.

ஏழைகளின் வழக்கறிஞர்

இவ்வூர் திருச்சபைக்குத் தந்த பெருங்கொடை புனித ஈவ். இலத்தீன் வழக்கில் இவோ என்பர். 1253ஆம் ஆண்டளவில், ஊருக்கு அருகேயுள்ள கெர்மார்த்தேன் மாளிகையில் சிறுநிலக்கிழார் குடும்பத்தில் பிறந்தார். பாரீசிலும் ஒர்லெயானிலும் சட்டம் பயின்றார். முதலில் ரென் நகரிலும், பின்னர் த்ரெகியேயிலும் ஆயரின் நீதிமன்றத்தில் நீதிபதியாக அமர்ந்தார். த்ரெத்ரே, லுவானெக் ஆகிய பங்குகளின் குருவாகவும் பணியாற்றினார். 1303 மே 19ஆம் நாள் இறந்தார். 1330இல் அவர்தம் வாழ்வைப்பற்றிய விசாரணை நடந்தது. 1347இல் திருத்தந்தை ஆறாம் கிளெமெந்து அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார்.

அவர் மறைசாட்சி அல்லர். பெரிய இறையியல் நூல் எதுவும் எழுதியவர் அல்லர். கைம்பெண்கள், அனாதைகள், கூலி கொடுத்து வழக்காட இயலாதவர்கள் ஆகியோருக்காகக் கட்டணமின்றி வாதாடினார். நீதி இருக்கையில் அமர்ந்தபோது, வழக்காடிய இருதரப்பாரையும் தீர்ப்புக்கு முன்னரே இணக்கப்படுத்த முயன்றார். தம் மாளிகையை ஏழைகளின் புகலிடமாக்கினார். ஊர் ஊராக நடந்து சென்று மக்களின் பிரெத்தோன் மொழியிலேயே மறையுரை ஆற்றினார். செல்வன் ஒருபுறமும் வறியவன் மறுபுறமும் நிற்க, நடுவே ஈவ் நிற்பதாகவே பிரிட்டனியின் ஆலயங்களில் அவரது உருவம் செதுக்கப்பட்டிருக்கும்.

அவரைப்பற்றி வழங்கும் கதை ஒன்று உண்டு. விடுதி நடத்திய கைம்பெண் ஒருத்தியிடம் இருவர் ஒரு பையை ஒப்படைத்து, இருவரும் சேர்ந்து வந்தால் மட்டுமே தரவேண்டும் என்றனர். சில நாள்கள் கழித்து ஒருவன் மட்டும் வந்து ஏமாற்றிப் பெற்றுச் சென்றான். மற்றவன் அவள்மேல் வழக்குத் தொடுத்தான். ஈவ் எழுந்து, “பை கிடைத்துவிட்டது, ஆனால் ஒப்பந்தப்படி இருவரும் வரவேண்டும், உம் தோழரை அழைத்து வாரும்” என்றாராம். மோசடி வெளிப்பட்டது. நம் மரியாதைராமன் கதைகளில் இதே வழக்கைச் சிறுவயதில் கேட்டிராதவர் யார்? எளியவள் ஒருத்தி சட்டத்தின் சிக்கலில் அகப்பட்டு நிற்கையில், அச்சிக்கலையே கொண்டு அவளை மீட்கும் ஒருவன் வரவேண்டும் என்ற ஏக்கம் உலகெங்கும் ஒன்றே. பிரிட்டனி மக்கள் அந்த ஏக்கத்திற்கு ஒரு குருவின் முகத்தைத் தந்தார்கள்.

அந்த ஏக்கம் இருண்ட உருவமும் கொண்டதுண்டு. ழோதி ஆற்றின் எதிர்க்கரையில் ‘உண்மையின் புனித ஈவ்’ என்று பெயர்பெற்ற சிற்றாலயம் இருந்தது. அநீதி இழைக்கப்பட்டவர்கள் அங்குச் சென்று, நியாயம் என் பக்கமிருந்தால் அவனைத் தண்டியும், அவன் பக்கமிருந்தால் என்னைத் தண்டியும் என்று புனிதரிடம் முறையிடுவார்கள். குற்றவாளி ஆண்டுக்குள் உருகிச் சாவான் என்று நம்பினார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது மூடநம்பிக்கை என்று ஆலயம் இடிக்கப்பட்டது. மூடநம்பிக்கைதான், மறுக்கவில்லை. ஆனால் மனிதரின் நீதிமன்றத்தில் நியாயம் கிடைக்காத ஏழைகளே அங்குச் சென்றார்கள் என்பதையும் மறக்கவேண்டாம். ஆலயத்தை இடிப்பது எளிது. அவர்களை அங்கு அனுப்பிய அநீதியை இடிப்பது கடினம்.

குருமடத்தை விட்டுச் சென்றவர்

இவ்வூரின் இன்னொரு மகன் ஏர்னெஸ்து ரெனான். 1823 பெப்ருவரி 28இல் பிறந்தார். தந்தை கடலோடி; மகனுக்கு ஐந்து வயதானபோது கடலில் மாண்டார். குடும்பத்தைத் தாங்கியவள் மூத்த சகோதரி ஆன்ரியெத். சிறுவன் த்ரெகியேயில் குருக்கள் நடத்திய கல்லூரியில் பயின்று பரிசுகளைக் குவித்தான். 1838இல் பாரீசிலுள்ள சிறிய குருமடத்திற்கும், அதன்பின் புகழ்பெற்ற சேன்-சுல்பிசு குருமடத்திற்கும் சென்றான். 1845 அக்டோபர் 6இல், தம் 22ஆம் வயதில், அங்கிருந்து வெளியேறினார்.

ஏன் வெளியேறினார்? ஒழுக்கக்கேட்டினால் அன்று, திருச்சபையின் மீது கொண்ட வெறுப்பினாலும் அன்று. முதுமையில் எழுதிய இளமை நினைவுகளில் த்ரெகியேயின் குருக்களை நன்றியோடு போற்றுகிறார். மெய்யியல் அல்ல, வரலாற்று ஆய்வே தம் விசுவாசத்தை அசைத்தது என்கிறார். எபிரேய மொழியைக் கற்றபோது, எசாயா நூல் முழுவதும் ஒருவரால் எழுதப்பட்டதாகத் தெரியவில்லை. தானியேல் நூல் அது கூறும் காலத்திற்கு மிகப் பிந்தியது என்று தோன்றியது. மோசேயின் நூல்கள் பல மரபுகளைக் கொண்டனவாகக் காணப்பட்டன. இவற்றுள் ஒன்றை ஒப்பினாலும் விசுவாசம் முழுவதும் கவிழும் என்றே அன்று அவருக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. அவர் ஒப்பினார், முழுவதையும் விட்டார்.

இன்று அதே மூன்று கருத்துகளும் நம் குருமடங்களில் விவிலிய வகுப்பில் இயல்பாகக் கற்பிக்கப்படுகின்றன. அவற்றைக் கற்ற குருக்கள் திருப்பலி நிறைவேற்றுகிறார்கள். நாமும் கேட்டு அமைதியாக இருக்கிறோம். அப்படியாயின் 1845இல் அந்த இளைஞரை வாசலுக்கு வெளியே தள்ளியது எது? அவர்தம் செருக்கும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் கேள்வியைத் தாங்கிக்கொள்ள அறியாத நம் அச்சமும் ஒரு காரணம். இதைச் சொல்ல நாம் ஏன் தயங்கவேண்டும்?

1862இல் கொலேழ் த பிரான்சில் தம் முதல் விரிவுரையில் இயேசுவை ஒப்பற்ற ஒரு மனிதர் என்று மட்டும் குறிப்பிட்டதால் ரெனானின் வகுப்பு நிறுத்தப்பட்டது. 1863இல் ‘இயேசுவின் வாழ்வு’ வெளிவந்தது. இறைத்தன்மையும் புதுமைகளும் நீக்கப்பட்ட, கலிலேயாவின் இனிய கனவாளராக இயேசுவைக் காட்டும் அந்நூலைத் திருச்சபை தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியலில் சேர்த்தது. அந்நூல் நம் ஆண்டவரின் முகத்தைச் சிதைத்தது என்பதில் நமக்கு ஐயமில்லை. சிலுவையின் இடறல் இல்லாத இயேசு, உயிர்ப்பு இல்லாத இயேசு, நம் இயேசு அல்லர்.

1903உம் 1904உம்

ரெனான் 1892இல் இறந்தார். 1903 செப்டம்பர் 13இல் அவருக்கு அவர் பிறந்த ஊரிலேயே சிலை திறக்கப்பட்டது. எங்கே? பேராலயத்தின் முன்னேயுள்ள சதுக்கத்தில். முதிய ரெனான் அமர்ந்திருக்க, கிரேக்கரின் அறிவுத் தெய்வமாகிய அத்தேனா அருகில் நிற்கும் சிலை. செதுக்கியவர் ஜான் பூஷே. திறந்து வைத்தவர் தலைமை அமைச்சர் எமில் கோம்ப். அவரும் ஒருகாலத்தில் குருமாணவராக இருந்தவரே. எழுத்தாளர் அனத்தோல் பிரான்சு உரையாற்றினார். படைவீரர் காவல் நிற்க, மக்கள் கூச்சலிட, விழா நடந்தது.

இதனை அறிவின் விழா என்று அவர்கள் அழைத்தார்கள். அந்த அறிவின் அரசு முந்திய ஆண்டில் என்ன செய்தது? 1902இல் துறவற சபைகள் நடத்திய ஆயிரக்கணக்கான பள்ளிகளை மூடியது. பிரிட்டனியில் தூய ஆவியின் புதல்வியர் நடத்திய கிராமப் பள்ளிகளிலிருந்து அருள்சகோதரிகளை வெளியேற்றப் படையை அனுப்பியது. அதே ஆண்டு செப்டம்பர் 29இல், மறைக்கல்வியிலும் மறையுரையிலும் பிரெத்தோன் மொழியைப் பயன்படுத்துவதற்கு எதிராகச் சுற்றறிக்கை விடுத்து, பணியாத குருக்களின் ஊதியத்தை நிறுத்தியது. மக்களுக்குப் பிரெஞ்சு தெரியாது. தெரிந்த மொழியில் இறைவேண்டல் கற்பிப்பதும் குற்றமாயிற்று. பள்ளியில் தாய்மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் இழிவுச் சின்னம் ஒன்றைத் தொங்கவிடும் வழக்கமும் அந்நாட்டில் இருந்தது. ஏழையின் நாவைக் கட்டும் பகுத்தறிவு எத்தகைய பகுத்தறிவு என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. ஆகவே த்ரெகியேயின் கத்தோலிக்கர் புண்பட்டதில் வியப்பில்லை. புண்படுத்துவதற்காகவே அச்சிலை அவ்விடத்தில் நிறுவப்பட்டது.

ஆனால் அவர்கள் தந்த விடை என்ன? பணம் திரட்டினார்கள், 1904 மே 19இல், புனித ஈவின் திருநாளன்றே, சிற்பி ஈவ் எர்னோ செதுக்கிய கருங்கல் கல்வாரி ஒன்றை ஆற்றுத்துறை அருகே எழுப்பினார்கள். அதற்குப் பரிகாரக் கல்வாரி என்று பெயர். எதிர்ப்புக் கல்வாரி என்றும் வழங்கினர். பெருங்கூட்டம் கூடியது. அவர்கள் கல்லுக்கு நம் கல் நிகராயிற்று என்று எல்லாரும் நிறைவுற்றார்கள்.

நாம் கேட்பது இதுதான். ஆண்டவரின் சிலுவை எப்போது மறுமொழிக் கல்லாயிற்று? தம்மை அறைந்தவர்களுக்காக மன்றாடியவரின் உருவத்தை, அறைந்தவரைத் திருப்பி அறையும் கையாக ஆக்குவது எவ்வகை வழிபாடு?

அந்தக் கல் எதைச் சொல்லாமல் விட்டது என்பதையும் பார்க்கவேண்டும். 1899இல் அதே பிரிட்டனியின் ரென் நகரில், குற்றமற்ற யூதப் படை அதிகாரி ட்ரைஃபசு இரண்டாம் முறையாகக் குற்றவாளியென்று தீர்ப்பிடப்பட்டார். 1906 வரை அவருக்கு முழு நீதி கிடைக்கவில்லை. பிரான்சுக் கத்தோலிக்க இதழ்களில் பல அவருக்கு எதிராக நஞ்சு கக்கின. ஏறத்தாழ ஆறு நூற்றாண்டுகளுக்கு முன் ஈவ் நீதி வழங்கிய அதே ரென் நகரில், குற்றமற்றவனுக்காக எழுந்து நின்ற கத்தோலிக்கர் மிகச் சிலரே. அதற்குப் பரிகாரமாகக் கல்வாரி எதுவும் எழுப்பப்படவில்லை.

ரெனானின் உண்மையான பாவத்தையும் அவர்கள் கண்டிக்கத் தவறினார்கள். செமித்திய இனங்கள் தாழ்ந்தவை என்று அவர் 1855இலேயே எழுதினார். 1871இல் வெளியிட்ட நூலில், சீனர் உழைக்கப் பிறந்த இனம், கறுப்பர் நிலம் உழப் பிறந்த இனம், ஐரோப்பியர் ஆளவும் போரிடவும் பிறந்த இனம் என்று வகுத்தார். உயர்ந்த இனம் தாழ்ந்த இனத்தின் நாட்டைக் கைப்பற்றுவதில் குற்றமில்லை என்றார். மார்த்தினிக்குத் தீவின் கவிஞர் எமே செசேர் 1950இல் இவ்வரிகளை உலகின் முன் வைத்துக் குற்றஞ்சாட்டினார். 1904இன் சினம் இவற்றிற்காக எழவில்லை. ஆசியராகிய நாம் ரெனானோடு வழக்காடவேண்டுமாயின் இங்கிருந்தே தொடங்கவேண்டும். மனிதனில் இறைச்சாயலை மறுப்பதும் இயேசுவின் இறைத்தன்மையை மறுப்பதும் வேறுவேறான பிழைகள் அல்ல. முன்னதை மன்னித்துவிட்டுப் பின்னதற்கு மட்டும் சினப்பது பக்தியைவிட மானப் பிரச்சினையாகவே தோன்றுகிறது.

உண்மையான விடைகள்

அப்படியானால் மறுப்பவருக்கு விடையே தரவேண்டாமா என்று கேட்பர். தரவேண்டும். தந்தவரும் உண்டு. 1890இல் தொமினிக்கன் துறவி மரி-யோசேப்பு லக்ராஞ்ச் எருசலேமில் விவிலியக் கல்விக்கூடம் நிறுவினார். ரெனான் எழுப்பிய அதே கேள்விகளை அதே மொழியறிவோடும் வரலாற்றறிவோடும் எதிர்கொண்டு, விசுவாசத்தோடு விடை தேடினார். அவருக்கு நம்மவர் அளித்த பரிசு என்ன? 1912இல் அவருடைய நூல்கள் குருமடங்களில் தடைசெய்யப்பட்டன. அவர் பணிந்தார், உழைப்பை விடவில்லை. 1943இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் விவிலிய ஆய்வுக்குக் கதவைத் திறந்தார். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அதனை உறுதிசெய்தது. ரெனானுக்குரிய விடை அந்த நூலறையில்தான் எழுதப்பட்டது, ஆற்றுத்துறையில் அன்று.

இன்னொரு விடை ரெனானின் குடும்பத்திலேயே பிறந்தது. அவருடைய மகள் வயிற்றுப் பேரன் ஏர்னெஸ்து ப்சிகாரி, படைவீரனாக மௌரித்தானியப் பாலையில் வாழ்ந்தபோது தனிமையிலும், அங்குக் கண்ட இசுலாமியரின் இறைப்பற்றிலும் இறைவனைத் தேடத் தொடங்கினார். 1913இல் கத்தோலிக்கத் திருச்சபையைத் தழுவினார். 1914 ஆகஸ்டு 22இல் பெல்ஜிய எல்லைப் போரில் மாண்டார். எதிர்ப்புக் கூட்டங்கள் அவரை மனம் மாற்றவில்லை. இறைவன் தம் வழியில் வந்தார்.

நூல்களே விசுவாசத்தைக் கொன்றன என்ற கூற்றுக்கும் இங்கேயே மறுப்பு உண்டு. ரெனானின் நூல் வெளிவந்து நூறாண்டு வரை பிரிட்டனியின் பல கிராமங்களில் ஞாயிறு திருப்பலிக்கு வராதவர் அரியர். ஈவ் லம்பேர் என்னும் சமூகவியலாளர் லிமெர்செல் என்ற பிரிட்டனிப் பங்கை ஆராய்ந்து 1985இல் நூலாக வெளியிட்டார். அங்குச் சரிவு வந்தது 1950களுக்குப் பிறகு என்று காட்டினார். உழவு இயந்திரங்கள் வந்தன. இளைஞர் நகரம் சென்றனர். பழைய கிராமம் கலைந்தது. அதனோடு பிணைந்திருந்த பக்தியும் கலைந்தது. கட்டுப்பாட்டால் ஆலயம் வந்தவர்கள் கட்டுப்பாடு தளர்ந்ததும் நின்றுவிட்டார்கள். ரெனானைப் படிக்காதவர்களே பெரும்பாலோர்.

எஞ்சி நிற்பவர்

இன்று த்ரெகியேயில் என்ன எஞ்சியிருக்கிறது? ரெனானின் சிலை சதுக்கத்தில் நிற்கிறது. சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கிறார்கள். அவர் பிறந்த வீடு அருங்காட்சியகமாகிவிட்டது. கல்வாரியும் நிற்கிறது, எதை எதிர்த்து எழுந்தது என்பதை வழிகாட்டி நூல் சொன்னால்தான் தெரியும். இரு கற்களும் தம் சண்டையை மறந்துவிட்டன.

ஆனால் மே மாதத்தின் மூன்றாம் ஞாயிறன்று ஊர் நிறைகிறது. புனித ஈவின் மண்டையோடு வைத்த பேழையைத் தோளில் ஏந்தி, பேராலயத்திலிருந்து அவர் பிறந்த மினிஹி வரை மக்கள் பவனி செல்கிறார்கள். பல நாடுகளிலிருந்து வழக்கறிஞரும் நீதிபதிகளும் தங்கள் கருப்பு அங்கியோடு வந்து நடக்கிறார்கள். அவர்களுள் விசுவாசிகளும் உண்டு. விசுவாசம் அற்றவர்களும் உண்டு. அவரது கல்லறைக்குப் பிரிட்டனியின் கோமகன் ஐந்தாம் ஜான் தம் எடைக்கு எடை வெள்ளி தந்தார்; 1794இல் புரட்சிப் படையினர் அதனைத் தகர்த்தார்கள்; இன்றுள்ள கல்லறை 1890இல் எழுந்தது. வெள்ளியும் பளிங்கும் போயின. ஏழைகளின் வழக்கறிஞர் போகவில்லை. எவரையும் எதிர்த்து நிறுவப்படாத நினைவு என்பதால் அதை எவராலும் வீழ்த்த இயலவில்லை.

நம்மிடையேயும் புண்படும் உள்ளங்கள் பெருகியுள்ளன. ஒரு நூலோ நாடகமோ நம்மைச் சீண்டினால், பல ஊர்களில் நாம் ஒரே நாளில் கூடிவிடுகிறோம். கோபுரத்தின் உயரம் பற்றியும் சிலையின் இடம் பற்றியும் பங்குப் பேரவைகளில் விடியவிடிய விவாதிக்கிறோம். கூட வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் கூலி மறுக்கப்பட்ட தொழிலாளி ஒருவன், நிலப்பட்டாவை இழந்த கைம்பெண் ஒருத்தி, பொய் வழக்கில் சிக்கிய இளைஞன் ஒருவன் ஆலயக் கதவைத் தட்டினால், அவர்களின் மனுவை வாங்கிப் படிக்க நம் பங்கில் யார் இருக்கிறார்? நம்முள் சட்டம் பயின்றவர் பலர் உண்டு. அவர்களுள் வாரம் ஒருநாள் மாலை, ஞாயிறு திருப்பலிக்குப் பின் ஒரு மணிநேரம், கட்டணமின்றி ஆலய வளாகத்தில் அமர்பவர் எத்தனை பேர்?

ஒரு மேசையும் இரண்டு நாற்காலிகளும் போதும். அடுத்த சிலைக்கான நன்கொடைப் பட்டியலைத் திறப்பதற்கு முன் அந்த மேசையைப் போடுவோம்.